எந்தக் கையில் இருந்த காசு?

அது இடது கையா, வலது கையா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. துணி உலர்த்தும்போது வருகிறது. பெரியவள் உறங்கும்போது அவள் விரல்கள் தாமாக மூடிக்கொள்வதைக் கண்டால் கட்டாயம் வருகிறது.

இம்மாதிரி அனுபவங்களை நரைத்தவர்கள்தாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இரண்டாவது குழந்தை வந்ததும் வேலையை விட்டேன். அதை ஓய்வு என்று சொல்வது சரிதானா என்று தெரியவில்லை. ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் விஜயா சென்ற வாரம் வீட்டுக்கு வந்து கேட்டதை என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"அக்கா, அந்தச் சின்னப் பெட்டியில காசு இருக்குதே, அது மறுபடி பச்சையாப் பூத்திருக்குது. மழை புடிக்கறதுக்குள்ள கழுவிடட்டா?"

"இரு விஜயா, யோசிச்சிச் சொல்றேன்" என்றேன்.

"யோசிக்க இன்னாக்கா இருக்குது? இப்படியே உட்டா அடுத்த வருசம் தூளை வாரித்தான் கொட்டணும்."

அவள் சொன்னது சரிதான். அதுதான் சங்கடம்.

காஞ்சிபுரத்தில் பெரிய கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் தொல்பொருள் அலுவலகம் இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மண்ணிலிருந்து எது கிடைத்தாலும் தாசில்தார் கச்சேரி வழியாக முதலில் அங்கேதான் வரும். வேதியியல் படித்தவள் என்பதால் என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த புதிதில் பீங்கான் கிண்ணம் கழுவினேன், வாலையில் தண்ணீரைக் காய்ச்சி வடிநீர் இறக்கினேன், பழைய ஓட்டுச்சில்லுக்கு எண் எழுதினேன். அதைச் சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்ய மாட்டேன். ஒரு வருடம் போனபின் செப்புக்காசுகள் என் மேசைக்கு வந்தன.

எங்கள் அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காதவர். அதனாலோ என்னவோ, காசுகளைப் பேஷண்ட் என்பார். காலையில் வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பேஷண்டெல்லாம் எப்படிம்மா இருக்காங்க?" என்பார். ஒரு நாளும் 'செய்' என்று சொன்னதில்லை. "செய்யலாமில்ல?" என்பார். அதற்கு முடியாது என்று சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் எவரும் இல்லை. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் ஈரம் முகத்தில் படக்கூடாது. கத்தி, ஊசி எதுவும் கூடாது. பச்சையைச் சீவ மூங்கில் சிம்பு, சிம்புக்கு மிஞ்சினால் முள்ளம்பன்றி முள். ஒரு காசை முழுக்க ஊறப்போடுமுன் அதன் விளிம்பில் அரிசியளவு இடத்தை மட்டும் சோதித்துப் பார்த்து, ஒரு நாள் காத்திருக்க வேண்டும். "ஊசி போடறதுக்கு முன்னால டெஸ்ட் டோஸ்" என்று சிரிப்பார்.

செம்பு கெடுவது மூன்று நிறத்தில். வீட்டில் கிடக்கும் காசு காற்றிலுள்ள பிராணவாயுவைப் பிடித்துப் பழுப்பாகும். குளத்துச் சேற்றில் கிடப்பது கந்தகம் ஏறிக் கறுக்கும். மண்ணுக்குள் புதைந்தது ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து பச்சையாகும். பழுப்புக்குப் புளி போதும். புளியிலிருக்கும் அமிலம் மேலே படிந்ததைக் கரைத்துவிடும். உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் வீட்டுச் செம்புத் தவலை பளிச்சென்று ஆவது இப்படித்தான். தவலைக்கு அதில் கேடில்லை, கழுவித் துடைத்து வைத்துவிடுகிறோம். பழங்காசுக்கு அது விஷம். அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உப்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு காற்றில் ஈரம் ஏறும் நாளெல்லாம் உள்ளேயிருந்து செம்பைத் தின்று, வெளிறிய பச்சைத் தூளாகப் பூக்கும். துடைத்தால் மீண்டும் வரும். ஒரு காசு முழுதும் தூளாகும்வரை ஓயாது.

அந்தத் தூளைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே ஒரு கூச்சம் உண்டு. துரு என்றால் செத்த பொருள் என்று படித்திருக்கிறேன். இது செத்ததுபோல் நடந்துகொள்ளவில்லை.

பெரியவள் பிறந்து விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய ஐப்பசியில்தான் செவிலிமேட்டுக் காசுகள் வந்தன. முசரவாக்கத்தில் இருந்த கொஞ்ச நிலத்தை விற்றுவிட்டு, நெசவு கற்றுக்கொண்டு, செவிலிமேட்டில் பழைய வீடொன்றை வாங்கிக் குடிவந்த குடும்பம். புருஷன் ஏழுமலை, பெண்டாட்டி கன்னியம்மா, ஒரு கைக்குழந்தை. குடிவந்த நாளிலிருந்து ஏழுமலை ஒரு நண்பன் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தான். சொந்தத் தறிக்குக் கால் தொங்கவிட்டு உட்காரும் குழியைத் தோண்டியபோது, மூடியிட்ட ஒரு பானை கிடைத்திருக்கிறது. உள்ளே மண்ணும் ஒரு கைப்பிடிச் செப்புக்காசும்.

எங்களிடம் வந்தபோது காசுகள் தங்கம்போல் மின்னின. சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரும்மா இத இப்படித் தேய்ச்சது?"

காசுகளோடு கூடவே வந்து வாசலில் நின்றிருந்த கன்னியம்மா, பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பெருமையாகவே சொன்னாள்: "நான்தான் சார். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ச்சேன். சர்க்காருக்குக் குடுக்கறத எப்படி சார் அழுக்கோட குடுக்கறது? நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

சார் கோபித்துக்கொள்ளவில்லை. அவளிடம் என்ன கோபிப்பது? விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்குமுன் செம்பைத் தேய்ப்பவள், அரசாங்கத்துக்கும் அதையே செய்திருக்கிறாள்.

"இது ஒண்ண மட்டும் ஏன் உட்டுட்ட?" என்று சார் கேட்டார். அவர் உள்ளங்கையில் கரடுமுரடாகப் பச்சை ஏறிய ஒரு காசு இருந்தது.

கன்னியம்மா அதைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "அது வரல சார். பானை அடியில இருந்துச்சி. தேய்க்கத் தேய்க்க இழுக்குது. அந்தப் பக்கம் யாரோ புடிச்சிக்கினு இருக்கறாப்ல. உட்டுட்டேன்."

குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மின்னிய காசுகளைச் சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த மெல்லிய கரைசலில் ஊறப்போட்டோம். அது உள்ளே புகுந்த உப்பை மெதுவாக வெளியே இழுக்கும். உப்பு தீர்ந்ததா என்று அறிய, ஊறிய நீரில் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் விடுவோம். உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். சார் அதைப் பால் என்பார்.

"பால் தெரியுதாம்மா?"

"தெரியுது சார்."

"இன்னும் ஊறட்டும்."

கரைசலை மாற்றி மாற்றிக் கார்த்திகை முடிவதற்குள் மற்றக் காசுகளின் நீர் தெளிந்துவிட்டது. பச்சைக் காசைத் தனிக் கிண்ணத்தில் வெறும் வடிநீரில்தான் வைத்திருந்தோம். கன்னியம்மாவின் உப்பு அதில் சரியாக ஏறியிருக்கக்கூட இல்லை. ஆனாலும் அதன் நீர் கலங்கிக்கொண்டே இருந்தது. மாற்றினால் மறுநாளும் பால். "மண்ணுலயே உப்பு இருக்கும்மா" என்றார் சார். அதே மண்ணில், அதே பானையில் கிடந்த மற்றவை தெளிந்துவிட்டனவே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அப்போது எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. பெரியவள் வீட்டில் அத்தையிடம் அழுதுகொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்கு அதோட முகத்தப் பாத்துடலாமில்ல?" என்றார் சார். எந்தக் காலத்துக் காசு என்று எழுதினால்தான் விவகாரம் முடியும். அதற்குப் பச்சையை நீக்க வேண்டும்.

மறுநாள் மழை. மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. காசை ஈரம் போக வைத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் நகர்த்தி, மூங்கில் சிம்பைக் கையில் எடுத்தேன். பச்சைக்குள் கோடுகள் தெரிந்தன. துணி என்று நினைத்தேன். காசைச் சுற்றியிருந்த துணியின் நெசவு பச்சையில் பதிந்து நிற்பதை முன்பும் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்துக்காரியின் கண்ணுக்கு எல்லாக் கோடும் இழைதான். பாவு எது, ஊடை எது என்று தேடினேன். ஆனால் இழை நேராக ஓடும். இவை வளைந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து நடுவில் சுழியாக முடிந்தன.

சிம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

சார் வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவருடையதில் கால்வாசிகூட இல்லை அந்தச் சுழி.

"செம்பு கிருமியக் கொல்லும்மா" என்றார், பாடம் நடத்துகிறவர்போல. குரல் மட்டும் பாடத்துக்குரியதாக இல்லை. "அதனால அதத் தொட்டுக்கினு இருக்கற தோல் சீக்கிரம் அழுகாது. பச்சை மெதுவா அதும்மேல ஏறி, வடிவத்த வாங்கிக்கும். அப்பறம் தோல் போயிடும். வடிவம் நிக்கும்."

"எலும்பு சார்?"

"அந்தக் காலத்துல செத்த கொழந்தையப் பானையில வச்சிப் பொதைப்பாங்க. பச்சப்புள்ள எலும்பு மண்ணோட மண்ணாப் போயிடும்மா. காசுதான் நிக்கும்."

சார் விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "செய்யலாமில்ல?" என்று அவர் அன்று கேட்கவில்லை. நான்தான், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, "வேணாம் சார்" என்றேன். அவர் காசைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் பச்சை. அந்தப் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தோம். மங்கலாக நிற்கும் மனித உருவம் ஒன்று தெரிந்தது. சோழர் காலத்துச் செப்புக்காசு. எழுதி முடித்தோம்.

அடுத்த நாள் கன்னியம்மா வந்தாள். மின்னிய காசுகள் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பச்சைக் காசைத் திருப்பிக் கொடுத்தால் தறிக்குழியிலேயே வைத்து மூடிவிடுவதாகச் சொன்னாள். படித்த பெண்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சர்தான்.

"குடுக்க முடியாது கன்னியம்மா, அது சர்க்காரோடது" என்றேன்.

"காட்டவாவது காட்டு டீச்சர்."

காட்டினேன். அவள் கண்ணாடியில் குனிந்தாள். என்ன பார்க்கிறாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. மெல்ல நிமிர்ந்து, "எந்தக் கை டீச்சர்?" என்றாள்.

"இன்னாது?"

"சோத்துக் கையா, பீச்சாங்கையா?"

அப்போதுதான் அவள் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். கைக்குழந்தை இறந்தால் மண் தள்ளுமுன் தாயோ தாய் வீட்டாரோ அதன் கையில் ஒரு காசை வைத்து மூடுவார்களாம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காசைப் பக்கத்தில் போடுவார்களாம். வலது கையில் வைத்தால் வழிச்செலவு: போய்விடு, இங்கே நினைவை வைத்துக்கொள்ளாதே. இடது கையில் வைத்தால் அச்சாரம்: இதே வீட்டுக்குத் திரும்பி வா.

"எனக்கு ரெண்டு போயிடுச்சி டீச்சர், முசரவாக்கத்துல. ரெண்டுத்துக்கும் எடது கையிலதான் வச்சேன். வரவேயில்ல. நாலு வருசம் காத்துக்கினு இருந்தேன். இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் இவ வயித்துல தங்குனா." தோளில் உறங்கிய பெண்குழந்தையின் முதுகைத் தட்டினாள். "என் புள்ளைங்களுக்கு இந்த வீட்டு வழி தெரியாதே. அதுங்க முசரவாக்கத்துக்குத்தானே போவும்? அப்ப இங்க வந்தது யாரு? குழியில இருந்ததுக்கு எடது கையில அச்சாரம் குடுத்திருந்தா, அதுதானே இந்த வீட்டுக்கு வரும்?"

"அப்படியெல்லாம் இல்ல கன்னியம்மா. உன் வயித்துல பொறந்தது உன் புள்ள."

"வயிறு என்னுதுதான். வந்தது யாருதுன்னு கேக்கறேன்."

நான் வேதியியல் படித்தவள். ஒரே ஒரு சுழியை வைத்து எந்தக் கை என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் விளக்கினேன். காசின் ஓரத்தில் தடித்திருக்கும் தூளுக்கு அடியில் விரலின் அடிப்பாகமும் உள்ளங்கை மேடும் பதிந்திருக்கலாம். அது தெரிந்தால் விரல் எந்தப் பக்கமாக மடங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தூளை நீக்கினால் கோடுகளும் சேர்ந்து உதிரும். ஒரு கணம் தெரியும், பிறகு எதுவும் இருக்காது.

"அப்ப தொடாதீங்க" என்றாள் உடனே. வாசல்வரை போய்த் திரும்பினாள். "பாத்தாதான் டீச்சர் நிம்மதி. ஆனா கையிலேர்ந்து புடுங்கறது பாவம்."

அவள் அந்தக் குழியை மூடிவிட்டாள். ஏழுமலை திட்டிக்கொண்டே வேறு மூலையில் தோண்டித் தறி போட்டான். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. யாருடைய பிள்ளை என்று தெரியாமல் எந்த வீட்டுப் பெயரை வைப்பது என்பது அவள் கேள்வி.

காசை ஈரம் உறிஞ்சும் நீல மணிகளோடு சின்னப் பெட்டியில் மூடி வைத்தோம். ஈரம் ஏறினால் மணிகள் இளஞ்சிவப்பாகும். வறுத்து மீண்டும் போடவேண்டும். அந்த வேலையை நான்தான் செய்துவந்தேன். எத்தனை முறை மாற்றினாலும் மேகம் போட்ட நாளில் பெட்டியைத் திறந்தால் தூள் முதலில் பூத்திருப்பது அந்தச் சுழியில்தான். ஈரமாக, மிகச் சிறிய துளிகளாக, வியர்த்தாற்போல. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் அப்படி. எனக்குத் தெரியும். தெரிந்தும், மூடியைத் திறக்குமுன் என் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வேன், யாரோ பிடித்துக்கொள்ளப் போவதுபோல. பிறகு சார் மாற்றலாகிப் போனார். அதன் பிறகு நான் விலகினேன்.

விஜயா வந்துபோன மூன்றாம் நாள் கன்னியம்மா என் வீட்டைத் தேடி வந்தாள். கூடவே அந்தப் பெண். என் பெரியவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரிப்பன் கட்டியிருந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"இஸ்கூல்ல சேக்கப் போனேன் டீச்சர். பேரு கேக்கறாங்க. பாப்பான்னு சொன்னேன். அது பேரில்லம்மா, நல்ல பேரா வச்சிக்கினு வான்னுட்டாங்க." கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாகவும் ஆகவில்லை. "இவங்கப்பா வாய்க்கு வந்த பேரச் சொல்லிட்டு வரேன்றாரு. நான்தான் உடல. இப்பவாவது பாத்துச் சொல்லேன் டீச்சர். புடுங்குனாலும் பரவால்ல. எந்தக் கை?"

எழுந்துபோய், பிள்ளைகளுக்காக வைத்திருந்த ஆரஞ்சு மிட்டாயை எடுத்துவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். எந்தக் கையை நீட்டுகிறாள் என்று பார்க்கத்தான் கொடுக்கிறேன் என்பது கொடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நிமிர்ந்தேன். கன்னியம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடங்களாக, எத்தனை முறை இப்படிப் பார்த்திருப்பாளோ.

குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

அது அவளுக்குப் பழக்கமான செயல்போல் இருந்தது.

இதை வாசிப்பவர்களில் தாய்மார்களும் இருப்பீர்கள், என்னைவிட அதிகம் படித்தவர்களும் இருப்பீர்கள். எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். விஜயாவைக் கழுவச் சொல்லட்டுமா? கழுவினால் அந்த ஒரு கணத்தில் விடை தெரியலாம். இடது கை என்று தெரிந்துவிட்டால் அதைக் கன்னியம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? கழுவ வேண்டாமென்றால் இன்னும் ஓரிரு மழைக்காலத்தில் காசும் சுழியும் தூளாகிவிடும். தன் பிள்ளையின் விரல்களைக் காசின்மேல் மூடிவிட்ட அந்தத் தாய் இருந்ததற்கு அப்புறம் எந்த அடையாளமும் இருக்காது. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. பெட்டியைத் திறக்காமலே கன்னியம்மா வீட்டுக்குப் போய், "பார்த்துவிட்டேன், வலது கை" என்று சொல்லிவிட்டு வரலாம். அது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும் என்றும் புரியவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மழை பிடிக்குமுன் எழுதுங்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பெயர் இல்லை.